பதினேழாவது வெள்ளை

வாரத்தில் ஐந்து நாள் நான் பல் செய்கிறவள்.
குவோப்பியோவில், சந்தைத் திடலுக்குப் பின்புறம்,
மூன்றாம் மாடியில்
பீங்கான் பொடியைக் குழைத்து
யார் யாருடைய சிரிப்பையோ
சூளையில் வைத்து எடுக்கிறேன்.
எங்கள் நிற அட்டையில் பதினாறு வெள்ளை.
காப்பி குடித்த வெள்ளை உண்டு,
பொய்ப்பல் என்று பேருந்திலிருந்தே தெரிந்துவிடும்
வெள்ளையும் உண்டு.
அதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள்.

சனிக்கிழமை பறவை.

பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு பாகை.
ஆப்பிள் மரத்துக்கு எதிரே முக்காலி,
மடியில் தாள்,
நுனி வெட்டிய கையுறைக்குள் விரல்கள்.
கிண்ணத்துத் தண்ணீர்
தூரிகையைக் கவ்விக்கொண்டு
விடமாட்டேன் என்றது.
வேலிக்கு அப்பால் பனி வாரிக்கொண்டிருந்த தௌனோ
மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு
உள்ளே போனார்.
வோட்கா புட்டியோடு வந்தார்.
"சரிக்குச் சரி கலக்கணும்."
"தண்ணீரிலா?"
"உனக்கு வேண்டுமானால் தண்ணீர் இல்லாமலும்."

பிறகு அது வந்தது.
புனாதுல்க்கு. ஆண்.
கரிய தொப்பி, கழுத்தே இல்லாத உடம்பு,
யாரோ ஊதிவிட்டது மாதிரி சிவந்த வயிறு.
சூரியகாந்தி விதையை அலகுக்குள் உருட்டி
தோலைப் பனிமேல் துப்பியது,
அவசரமே இல்லாமல்,
வாடகை கொடுத்துவிட்ட ஆள் போல.

அந்தச் சிவப்பை ஒரே வீச்சில் பூசி
கையை எடுத்துவிட வேண்டும்.
எடுத்தேன்.
கிண்ணம் உறையவில்லை, தாள் உறைந்தது.
ஈரம் நடுங்கி, நின்று,
வயிறு முழுக்கப் பெரணி இலைகள் விரிந்தன,
நான் வரையாத இலைகள்.
இந்தப் பிறவியில் இதற்குமேல்
எனக்கு ஒன்றும் வரப்போவதில்லை என்று
தட்டோடு சமையலறைக்கு ஓடினேன்.

சமையலறையில் இருபத்தொரு பாகை.
இலைகள் இளகிக் காலடிக்கு இறங்கின.
யாரோ சுட்ட பறவை
என் மேசைமேல்.

திங்கட்கிழமை ஸிர்ப்பா பார்த்தாள்.
"தக்காளி" என்றாள்.
சற்று நேரம் கழித்து,
வாய்க்கவசத்தைக் கீழே இறக்கி,
"இவன் ஜோடி எங்கே?"

இருந்தாள்.
ஒவ்வொரு சனிக்கிழமையும் இருந்தாள்,
ஒரு கிளை கீழே.
அவன் நகர்ந்ததும் அந்த இடத்தில் வந்து உண்பாள்.
நான் அவளை மரத்தோடு சேர்த்து
எண்ணியிருக்கிறேன்.

என்ன நிறம் அது?
சாம்பல் என்றால் இல்லை, பழுப்பு என்றாலும் இல்லை.
நீலத்தில் செங்காவியைக் கலந்தேன், மண்ணானது.
ஊதா ஒரு துளி விட்டேன், சேறானது.
வெளிச்சம் மூன்று மணிக்குப் போய்விடும்.
சலித்துப்போய்த் தூரிகையைக் கிண்ணத்தில் அலசும்போது
கிண்ணத்தைப் பார்த்தேன்.

அவனைக் கழுவிய தண்ணீரில்
அவள் நிறம் இருந்தது.

அதைத் தொட்டே வரைந்தேன்.
மார்பு, தோள், கொஞ்சம் குனிந்த தலை.
வால் தொடங்கும் இடத்துக்கு வந்ததும்
கை நின்றது.
அங்கே ஒரு வெள்ளைத் திட்டு,
இருவருக்கும் உண்டு,
உட்கார்ந்திருக்கும்போது சிறகு மூடிக்கொள்ளும்.
போகும்போதுதான் தெரியும்.
அவள் போனாள், தெரிந்தது.

பதினாறு வெள்ளையும் நான் சேர்த்துச் சேர்த்துச் செய்தவை.
இதற்கு எதையும் சேர்க்கக் கூடாது.
தாளை அங்கே தாளாகவே விட்டேன்.
இருபது வருடப் பழக்கத்தில்
விரல் இரண்டு முறை போய்த் திரும்பியது.

கண்ணில் விட மறந்துவிட்டேன்.
புள்ளி இல்லாத கண், வெறும் பொத்தான்.
மதியச் சாப்பாட்டு நேரத்தில்
ஸிர்ப்பா விளக்கைப் பிடித்துக்கொள்ள,
மெழுகு செதுக்கும் கத்தியால்
கடுகில் பாதி அளவு சுரண்டினேன்.
"நிறுத்து" என்றாள் ஸிர்ப்பா.
"பார்த்துவிட்டது."

வேலிக்கு மேலே படத்தை நீட்டினேன்.
தௌனோ கையுறையைக் கழற்றினார்,
தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார்.
நல்லது என்றோ இல்லை என்றோ
அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"மீதி புட்டி?" என்றார்.